குவைத் சூட்கேஸுக்குள் ஒரு நீல டப்பா

2025 மார்ச் 3, திங்கள். காலை 9.40. டப்பாக்கள்: பன்னிரண்டு.

கையெழுத்து ஆகிவிட்டது. டாக்டர் ஷர்லி ரவுண்ட்ஸ் முடித்து வந்து, நான் நீட்டிய தாளைப் படித்து, "உங்க தொல்லை தாங்கல சிவா" என்று சொல்லிக்கொண்டே போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இனி இந்தப் போதை மீட்பு மையத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களில், மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ஒரு டப்பா. நீல பிளாஸ்டிக். உள்ளே நலாக்சோன் ஆம்பூல் இரண்டு, சிரிஞ்சு இரண்டு, கையுறை, தமிழில் நான் எழுதிய செய்முறைத் தாள்.

அளவு மீறிப் போட்டு மூச்சு நின்றுகொண்டிருப்பவனை மறுபடி மூச்சு விட வைக்கும் மருந்து. அவ்வளவுதான் அதன் வேலை. போதை தராது. பழக்கமாகாது. தேவையில்லாதவனுக்குப் போட்டால் ஒன்றும் செய்யாது. இவ்வளவு சாதுவான மருந்து என் அலமாரியில் வேறு இல்லை. மூக்கில் அடிக்கிற வகை கிடைத்தால் இன்னும் சுலபம். நான் விசாரித்த எந்த டிஸ்ட்ரிபியூட்டரிடமும் இல்லை. ஊசிதான் கிடைத்தது, ஊசியை வைத்துச் செய்கிறேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று டாக்டர் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும். ஜனவரியில் ஜஸ்டின். இங்கே இருந்து எடை கூடி, கேரம் போர்டில் எல்லோரையும் தோற்கடித்து, சிரித்துக்கொண்டே போனான். அடுத்த வாரம் பழைய அளவையே போட்டிருக்கிறான். உடம்பு பழைய உடம்பு இல்லையே. பழக்கம் விட்டுப்போன உடம்பு அந்த அளவைத் தாங்காது. சிகிச்சை தோற்றதால் அவன் சாகவில்லை, வேலை செய்ததால் செத்தான். இதை இப்படிச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். பார்மசி படித்தவன் வேறு எப்படிச் சொல்வது?

இந்த டைரியும் டாக்டர் கொடுத்ததுதான். உள்ளே இருப்பவர்கள் தினமும் ஒரு நன்றி எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். "ஸ்டாஃப் மட்டும் நன்றி கெட்டவங்களா?" என்று எங்களுக்கும் ஆளுக்கொன்று.

இன்றைய நன்றி: கையெழுத்துக்கு. வேறொன்றும் தோன்றவில்லை.

மார்ச் 5, புதன்

புதன்கிழமை வீட்டார் பார்க்க வரும் நாள். முதல் வகுப்பு எடுத்தேன். படுதோல்வி. மூளையில் மருந்து எங்கே போய் உட்காருகிறது, எதைத் தள்ளிவிடுகிறது என்று போர்டில் படம் போட்டு விளக்கினேன். பத்து நிமிடத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர், "சார், அறந்தாங்கிக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.

கோபம் வந்து வெளியே போய்விட்டேன். பின்னால் பப்பாளி மரம். ஒரு காயைப் பறித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்து, "இது தொடை. வந்து குத்துங்க" என்றேன்.

"யாரு தொட சார் இம்புட்டுப் பச்சையா இருக்கு?" என்று ஒரு அம்மா. அறையே சிரித்தது. அதன்பின் எல்லாம் தானாக நடந்தது. படத்தை அழித்துவிட்டு மூன்று அடையாளம் மட்டும் சொன்னேன். கூப்பிட்டு உலுக்கினாலும் எழவில்லை. உதடு நீலம். குறட்டை மாதிரி ஒரு சத்தம், இழுத்து இழுத்து. இந்த மூன்றும் இருந்தால் 108-க்குப் போன், வாயில் வாய் வைத்துக் காற்று, தொடையில் ஊசி. தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சால் வரிசையாகக் குத்தினார்கள். நர்ஸ் சந்தனமேரி அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இப்பத்தான் தம்பி நீ மனுசன் மாதிரி பேசுற" என்று போனார்.

ஒரே ஒருவர் மட்டும் எழுந்து வரவில்லை. சின்னப்பிள்ளை. மீமிசல் போகிற ரோட்டில் உள்ளடங்கிய ஊர். மகன் உதயசூரியன் இங்கே இரண்டு மாதமாக இருக்கிறான், மீன் வண்டி ஓட்டுகிறவன். பெயரைச் சொன்னாலே எந்தக் கட்சி வீடு என்று தெரிந்துவிடும். இடுப்பு வலிக்கு என்று மாத்திரையில் தொடங்கி ஊசியில் வந்து நின்றவன். அவன் மனைவி தேவிப்ரியா நன்றாகக் குத்தினார். மாமியார்தான் மூலையில் உட்கார்ந்தபடி சொன்னார்:

"ஊசிய விட்டுட்டு வாரவன் வீட்டுக்கே ஊசியக் குடுத்து அனுப்புறீங்களே தம்பி. நல்லாருக்கா இது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். உதயாவே சொன்னான்: "யம்மா, வண்டியில ஸ்டெப்னி இல்லயா? பஞ்சராகணும்னா அத வச்சிருக்கோம்?"

"வண்டியும் நீயும் ஒண்ணாடா?"

பப்பாளியைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

இன்றைய நன்றி: பப்பாளி.

மார்ச் 8, சனி

டப்பா வாங்க மறுத்த ஒரு அப்பாவைத் திட்டிவிட்டேன். போன் போட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார் டாக்டர். போட்டேன். இன்றைய நன்றி: அவர் எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

இன்றுதான் உதயா வீட்டுக் கதை முழுதாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவன் கிளம்புகிறான். சின்னப்பிள்ளை என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டுப் போய், குரலை இறக்கி, ஊரில் அவன் குவைத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"குவைத்லயா?"

"டிரைவர் வேலைக்குன்னு. கம்பெனி சரியில்ல, ரெண்டு மாசச் சம்பளத்தோட திரும்பிட்டான்னு சொல்லிக்கிருவோம். ஊருல பாதி ஆம்பளைங்க அங்கிட்டுத்தான தம்பி இருக்காங்க. யாரும் துருவிக் கேக்க மாட்டாங்க."

ஊருக்கு மறைப்பது பெரிய விஷயம் இல்லை. யாரிடம் கட்டாயம் மறைக்க வேண்டுமோ, அந்த ஆள் ஒரே ஒருவர்தான். குழந்தைசாமி. சின்னப்பிள்ளையின் கூடப்பிறந்த தம்பி, தேவிப்ரியாவின் அப்பா, உதயாவுக்குத் தாய்மாமன், மாமனார், எல்லாம் அவரே. அதே தெருவில் மூன்று வீடு தள்ளி.

"அவன் கோவக்காரன் தம்பி. தெரிஞ்சா அன்னைக்கே பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவான். இவ போயிட்டா எம்மகன் ஒரு வாரம் தாங்க மாட்டான்."

தேவிப்ரியா ஒவ்வொரு புதனும் இங்கே வருவதே அறந்தாங்கியில் தையல் வகுப்பு என்று அப்பாவிடம் சொல்லித்தானாம். 'தையல் எங்க வரைக்கும் வந்திருக்கு' என்று அவர் கேட்டால்? "ஜாக்கெட் கை வரைக்கும் வந்திருக்குன்னு சொல்லியிருக்கேன் சார்" என்றார் தேவிப்ரியா. சிரிக்கவில்லை.

எனக்கு இந்த மாதிரி நாடகங்கள் ஆகாது. ஆனால் கடைசியில் சின்னப்பிள்ளை டப்பா வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: டப்பாமேல் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது.

சரி என்றேன். நன்றி: சம்மதித்ததற்கு.

மார்ச் 14, வெள்ளி

காலை பத்துக்கு வாடகைக் கார் வந்தது. டிக்கியில் பெரிய கறுப்பு சூட்கேஸ். பொன்னமராவதியில் யாரோ சொந்தக்காரரிடம் இரவல். கைப்பிடியில் விமானப் பட்டை அப்படியே ஒட்டியிருக்கிறது. உள்ளே அறந்தாங்கி பாரின் சாமான் கடையில் வாங்கிய சோப்பு, சென்ட், பால் பவுடர், பாதாம், கோடாலித் தைலம், இரண்டு டார்ச். உதயாவுக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வார்டைச் சுற்றி வந்தான். "கபில், எனக்கு ஒரு விசா" என்று உள்ளே இருப்பவர்கள் கத்தினார்கள். கபில் என்றால் அங்கே முதலாளியாம். சந்தனமேரி அக்கா அவன் மேல் சென்ட் அடித்துவிட்டு, "இப்ப ஏர்போர்ட் வாசம் வருது" என்றார்.

டப்பாமேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை என் கையால் உரித்தேன். சூட்கேஸில் சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவில் என் கையால் வைத்தேன். தேவிப்ரியா பார்த்துக்கொண்டார். மாமியார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஊசி சம்பந்தப்பட்ட எதையும் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று நேர்த்திக்கடன் மாதிரி வைத்திருக்கிறார்.

இங்கிருந்து போகிறவர்கள் யாரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்வதில்லை. ஆஸ்பத்திரி, ஜெயில், இந்த இடம். மூன்றிலும் அந்த வார்த்தை கிடையாது. கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவும் கூடாதாம். உதயாவும் பார்க்கவில்லை. காரில் ஏறும்போது மட்டும் என்னிடம், "ஸ்டெப்னி வச்சாச்சுல்ல சார்?" என்றான்.

வச்சாச்சு.

நன்றி: அவனே கேட்டானே, அதற்கு.

மார்ச் 15, சனி

டப்பா காணோம்.

காலையில் தேவிப்ரியா போன். நேற்று சாயங்காலம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு பங்கு போட்டிருக்கிறார். இவளுக்கு சோப்பு, அவளுக்கு பால் பவுடர். ஒரு சோப்போடு சேர்த்து நீல டப்பா யாருக்குப் போனது தெரியுமா? குழந்தைசாமிக்கு. அவருக்கு மூட்டு வலி. டப்பாவைத் திறந்து பார்த்து, "என்னக்கா, ஊசி மருந்தா?" என்றாராம். சின்னப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "ஆமாடா, ஒனக்குன்னுதான் மூட்டுக்கு வாங்கியாந்தான்" என்று சொல்லிவிட்டார்.

எவரிடம் போகக் கூடாதோ அவரிடமே.

"போய்க் கேட்டு வாங்குங்க" என்றேன்.

"என்னன்னு சார் கேக்குறது? அது என்ன மருந்துன்னு அப்பா திருப்பிக் கேட்டா?"

கத்திவிட்டேன். ஸ்டிக்கரை உரிக்கச் சொன்னது யாரு, வகுப்புல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்தது யாரு, நான் என்ன பைத்தியக்காரனா— போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உரித்தவன் நான்தானே. வைத்தவனும் நான்தானே.

வேறு டப்பா கொடுக்கலாம் என்றால் இருப்பு இல்லை. ஜனவரிக்குப் பிறகு போனவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்ததில், கடைசி டப்பா இன்று காலைதான் போனது. எமர்ஜென்சி ட்ரேயில் இருப்பதைத் தொடக் கூடாது. புது ஆர்டர் பத்து நாளாவது ஆகும். சுற்றுவட்டாரத்தில் எந்த மெடிக்கலிலும் இந்த மருந்து இல்லை.

நன்றி எழுதும் மனநிலையில் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

பைக்கை எடுத்துக்கொண்டு நேரே போய்விட்டேன். வாசலில் என்னைப் பார்த்ததும் சின்னப்பிள்ளையின் முகம் வெளுத்துப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். உடனே, "வாங்க தம்பி, வாங்க. உதயா, இங்க பாரு, குவைத்ல ஒங்கூட வேல பாத்த தம்பி வந்திருக்கு" என்றார்.

என்னையும் குவைத்துக்கு அனுப்பிவிட்டார்.

உதயா நன்றாகத்தான் இருக்கிறான். நாளை மறுநாள் வண்டி எடுக்கிறானாம். என்னைக் கண்டு அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் செய்தி மூன்று வீடு தாண்டி, குழந்தைசாமி வந்துவிட்டார். கட்டை மீசை, வெள்ளை வேட்டி, நடையில் லேசாகச் சாய்வு. எதிரே உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குவைத்ல வெயில் எப்படி தம்பி?"

எனக்குப் பொய் வராது. "நம்ம ஊரு மாதிரிதாங்க" என்றேன்.

"அப்ப எதுக்குத் துட்டச் செலவழிச்சு அம்புட்டுத் தூரம் போகணும்?"

உதயா எழுந்து உள்ளே போய்விட்டான். சிரிப்பு.

நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். அந்த நீல டப்பா மாறி வந்துவிட்டது, அது மூட்டு மருந்து இல்லை, திருப்பிக் கொடுத்தால் வேறு நல்ல மருந்து அனுப்புகிறேன் என்றேன். சின்னப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"குடுத்த பொருளத் திருப்பிக் கேக்குறதா?" என்றார் குழந்தைசாமி. கோபமாகச் சொல்லவில்லை. "அது எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. இந்த வீட்டுல வச்சா எங்கக்கா பீரோவுல வச்சுப் பூட்டிரும். எங்கிட்ட இருந்தா வேளைக்கு ஒதவும்."

"மூட்டுக்கு அதப் போடக் கூடாதுங்க."

"போடல. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். போடுறதா இருந்தா வேட்டிய வெலக்கித்தான் போடணுமா, மேலயே போடலாமா?"

"மேலேயே போடலாம். தொடையில். மூட்டுல இல்ல, தொடையில." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். காது கேட்காத ஆளா இவர்?

வெறும் கையோடு திரும்பினேன். தேவிப்ரியாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்: மருந்து வரும்வரை வாயில் காற்று ஊதுவதை மறக்காதீர்கள், 108, தினமும் எனக்கு ஒரு போன்.

வழியில் ஆவுடையார்கோயில் பக்கம் பைக்கை நிறுத்தி ஒரு சோடா குடித்தேன். நன்றி: சோடா குளிர்ச்சியாக இருந்தது. இன்றைக்கு இவ்வளவுதான் முடியும்.

மார்ச் 21, வெள்ளி

சரக்கு வரவில்லை. திருச்சியிலிருந்து கிளம்பிவிட்டது என்கிறார்கள். எங்கே கிளம்பியது? நடந்தா வருகிறது? தேவிப்ரியா தினமும் போன் செய்கிறார். "நல்லாருக்காரு சார்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு நன்றி.

மார்ச் 25, செவ்வாய்

இன்று போனில் அந்த வரி கொஞ்சம் தாமதித்து வந்தது. வண்டிக்குப் போகிற இடத்தில் பழைய ஆட்கள் வந்து பார்க்கிறார்களாம். இடுப்பு வலி என்கிறானாம். டாக்டரிடம் சொன்னேன், அவரே அவனிடம் பேசினார். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

மதியம் போன். தேவிப்ரியா. அழவில்லை. முதல் வார்த்தையே, "சார், மூச்சு வந்துருச்சு."

மருந்தறைத் தரையில் உட்கார்ந்துதான் மீதியைக் கேட்டேன்.

வண்டியின் சீட்டிலேயே. தெருவோரம் புளியமரத்துக்குக் கீழே நிறுத்தியிருந்தான். சாப்பிடக் கூப்பிடப் போயிருக்கிறார். குறட்டை. முதலில் தூங்குகிறான் என்று திரும்பியிருக்கிறார். திரும்பி இரண்டு எட்டு வைத்தபிறகு, இழுத்து இழுத்து என்று நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. போய் உலுக்கினால் எழவில்லை. உதடு—

டப்பா இல்லையே. டப்பா இல்லாமல் எப்படி?

"அப்பா வந்தாரு சார். அப்பாகிட்ட இருந்துச்சு."

ஆம்புலன்ஸில் அறந்தாங்கி போய்க்கொண்டிருக்கிறார்கள். மருந்தின் வேலை கொஞ்ச நேரம்தான், உடம்பில் இருக்கும் விஷம் அதைவிட நீளம், மறுபடி மூச்சு இறங்கும், கண்ணை எடுக்காதீர்கள், ஆம்புலன்ஸில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள்— எல்லாம் சொன்னேன். ஆம்புலன்ஸ்காரருக்கும் அது தெரிந்திருந்தது. நானும் கிளம்புகிறேன்.

நன்றி. யாருக்கு என்று அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

அறந்தாங்கி அரசு மருத்துவமனை. உதயா கண் திறந்து, கஞ்சி குடித்து, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். பிழைத்துவிட்டான். ராத்திரி இருந்த டாக்டரும் நர்ஸும் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. நன்றி ஒன்று.

வெளியே மரத்தடியில் குழந்தைசாமி. இடது கட்டைவிரலில் பெரிய கட்டு. நான் போய் நின்றதும், "வாங்க குவைத் தம்பி" என்றார்.

"எப்பங்க தெரியும்?"

"டப்பா கைக்கு வந்த மறுநாக் காலையிலயே. மூட்டுக்கு ஊசி போட்டுக்கலாம்னு மீமிசல்ல மெடிக்கலுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பையன் போன்ல தட்டிப் பாத்துட்டு, 'பெரியப்பா, இது யாருக்கு?'ன்னு ஒரு மாதிரியாக் கேட்டான். சும்மா இருடான்னுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து நீங்க எழுதி வச்ச தாள எடுத்துப் படிச்சேன். ஜாக்கெட் கையி ரெண்டு மாசமா தைக்கிறாளேன்னு எனக்கும் முன்னாலயே ஒரு இது இருந்துச்சு."

"அப்ப நான் வந்தப்பவே தெரியும்."

"நீங்க யாருன்னும் தெரியும். குவைத்ல வெயில் நம்ம ஊரு மாதிரியாம்ல."

ஒரு மூட்டு வலிக்காரர் வேட்டிமேல் ஊசி போடலாமா என்று எதற்குக் கேட்பார்? அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவனுக்கு எங்கே புரியும்.

"பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு பயந்தாங்க" என்றேன்.

கட்டைவிரல் கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா நான் அப்பனா ஒரு முடிவெடுக்கணும் தம்பி. ஊரு கேக்கும், பங்காளிக கேப்பாங்க. தெரியாத மாதிரி இருந்தா பேசாம தாய்மாமனா இருந்துக்கலாம். டப்பாவ மடியிலயே வச்சுக்கிட்டு அந்தத் தெருவுலயே சுத்திக்கிட்டு இருந்தேன். வெளியூருல ஒரு கல்யாணம், அதுக்குக்கூடப் போகல."

பன்னிரண்டு நாள். மனிதர் இப்படிக் காவல் இருந்திருக்கிறார். மகள் "அப்பா" என்று கத்தியபோது ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டாராம். முதல் ஆம்பூலை உடைக்கும்போது அப்படியே நொறுங்கி, கட்டைவிரல் கிழிந்து, மருந்து மண்ணில் போயிற்று. இரண்டாவது சரியாக உடைந்தது. லுங்கிமேலேயே போட்டிருக்கிறார். அதுவரை தேவிப்ரியா வாயில் காற்று ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த ஊதல் இல்லாவிட்டால் இரண்டாவது ஆம்பூலுக்கு வேலையே இருந்திருக்காது. அப்பாவிடமும் அதைச் சொன்னேன். தலையாட்டினார். கண் கலங்கியது, அதற்கும் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

சின்னப்பிள்ளை பின்னால் வந்து நின்று முழுதும் கேட்டிருக்கிறார். அழுவார் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டே நான் குடுத்த குவைத் சோப்பப் போட்டுக் குளிச்சியாடா?"

"சோப்பு என்னக்கா பாவம் பண்ணுச்சு? வாசமாத்தான இருந்துச்சு."

அப்போதுதான் அழுதார். தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து. நான் டீ வாங்கப் போய்விட்டேன். எனக்கு இந்த மாதிரி இடங்களில் நிற்கத் தெரியாது. டீக்கடையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நன்றி: டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் ஆட்கள், தேவிப்ரியாவின் மூச்சு, குழந்தைசாமியின் கட்டைவிரல், சின்னப்பிள்ளை பங்கு போட்ட கை. ஆமாம், அதுவும்தான். டப்பா அந்த வீட்டிலேயே இருந்திருந்தால் பீரோவுக்குள் இருந்திருக்கும். சாவி அவர் இடுப்பில். அவரோ நேற்று மதியம் நூறு நாள் வேலையில்.

மார்ச் 29, சனி

சரக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு உதை விட்டேன். பிறகு எண்ணி அடுக்கினேன்.

உதயா மறுபடி இங்கே வந்துவிட்டான், தானாகவே. "என்னைத் திட்டுங்க சார்" என்றான். "எதுக்கு? ஸ்டெப்னி மாத்தியாச்சு. வண்டி ஓடுது" என்றேன். நான் பேசுகிற மாதிரியே இல்லை. ஆனால் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

வகுப்பில் முதல் வரிசையில் சின்னப்பிள்ளை. கையில் பெரிய பப்பாளிக்காய், வீட்டு மரத்தில் பறித்தது. "ஒங்க மரத்துக் காய் பிஞ்சா இருக்கு தம்பி. தொடன்னா இப்படி இருக்கணும்." சிரிஞ்சைக் கையில் வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணத் தொறங்க ஆத்தா, வெரல்ல குத்திக்கிருவீங்க" என்றார் பக்கத்தில் இருந்த பெண். திறந்தார். குத்தினார். மூன்று முறை.

பிறகு புதிதாக வந்திருந்தவர்களிடம் அவரே பேசினார். தன் வீட்டில் நடந்ததை, சூட்கேஸ் முதல் சோப்பு வரை, ஒன்று விடாமல். சிரித்தார்கள், அழுதார்கள். கொட்டாவி விட யாருக்கும் நேரம் இல்லை. என் இரண்டு வருஷச் சம்பளத்தில் பாதியை அவருக்குத் தரலாம்.

போகும்போது கூட வந்திருந்த ஒரு அம்மாவை முன்னால் தள்ளினார். "இவுக மகன் துபாய்ல இருக்கான் தம்பி."

"எந்தத் துபாய்?"

"இன்னும் போகல. அடுத்த வாரம் இங்கிட்டுக் கூட்டியாரோம்."

ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். "தெரிஞ்சா என்ன? ரெண்டு நாள் பேசுனாங்க. மூணாம் நாள் ஒவ்வொருத்தியா வந்து, அந்த நீல டப்பா எங்க கெடைக்கும்னு காதுல கேக்குறாளுக."

நன்றி: ஊர்ப்பேச்சுக்கு. இதை எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

உதயா கிளம்பினான். வாடகைக் கார் இல்லை, சூட்கேஸ் இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. குழந்தைசாமியின் பைக்கில் பின்னால். டாக்டர் தொடர் மருந்து தொடங்கியிருக்கிறார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து வாங்க வேண்டும். மறுபடி தவறலாம். தவறாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மூச்சு இருந்தால்தான் இரண்டில் ஒன்று நடக்கும், அது மட்டும் தெரியும்.

இரண்டு டப்பா கொடுத்தேன். ஒன்றை தேவிப்ரியா வாங்கிக்கொண்டார். மற்றதை மாமனார் வாங்கி, பழக்கப்பட்ட மாதிரி வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

கேட் பக்கம் போய் உதயா பைக்கை நிறுத்தச் சொன்னான். திரும்பிப் பார்த்தான்.

"போயிட்டு வாரேன் சார்."

வாட்ச்மேன் பதறி, "டேய், இங்க அப்படிச் சொல்லக் கூடாதுடா" என்றார். "ஏன்? மே ஒன்பதாந் தேதி வரணும்ல" என்றான் அவன்.

வா, என்றேன்.

இனி செய்ய வேண்டியது:

1. டப்பாமேல் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். யார் கெஞ்சினாலும் உரிக்கக் கூடாது.

2. ஒரு வீட்டுக்கு இரண்டு டப்பா. ஒன்று வீட்டுக்கு, ஒன்று கத்தினால் ஓடி வரக்கூடிய ஆளுக்கு. அது யார் என்று அனுப்பும் முன்பே கேட்க வேண்டும். யாருமே இல்லை என்று சொன்னால் கோபப்படாமல், யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும்.

3. ஆம்பூல் கழுத்தில் துணி சுற்றித்தான் உடைக்க வேண்டும் என்று செய்முறைத் தாளில் சேர்க்க. அந்தக் கட்டைவிரல் இன்னும் முழுதாக ஆறவில்லை.

4. பப்பாளி மரத்துக்குத் தண்ணீர்.

5. ஜஸ்டினின் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். டப்பா எதுவும் கொண்டுபோகாமல், சும்மா.

6. மே 9-க்குள், குவைத்தில் நிஜமாகவே இருந்துவிட்டு வந்த யாரிடமாவது அங்கே வெயில் எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைசாமி வண்டியை நிறுத்தியதும் அதைத்தான் முதலில் கேட்பார்.